சீட்டில் ஆள் இருக்கு

இரவு பத்தே முக்கால். பம்மல் தாண்டி, அனகாபுத்தூர் தாண்டி, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்குள் திரும்புகிற ரோடு. பட்டறைகள் எல்லாம் ஷட்டர் இறக்கிவிட்டன. பாதித் தெருவிளக்கு எரியவில்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. அந்த ரோட்டில் ஒரு பெண்மணி தன்னந்தனியாக நடந்து போகிறாள்... கையில் டிபன் கேரியர்.

மொபைல் டார்ச்சை அணைத்துவிட்டுக் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வருகிறபோது வரட்டும். இது நான் கட்டிய கதை இல்லை. நம் மூன்றாவது மாடி ஸ்நேகா இருக்கிறாளே, அவளுடைய பெரியம்மாவுக்கு நடந்தது. பெயர் செல்வமேரி. குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்குச் சேலை ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவள். பேய் பிசாசுக்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் பயந்துதான் போனாள். இருட்டுக்காக இல்லை. மருமகள் தன் கண்ணெதிரிலேயே செத்துவிடுவாளோ என்கிற பயம்.

அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

செல்வமேரிக்கு ஒரே மகன். அன்பு. திருமுடிவாக்கத்தில் ஒரு டைல்ஸ் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். பார்த்திருப்பீர்கள்... முன்னால் இரண்டு இரும்புக் கையை நீட்டிக்கொண்டு, பெட்டிகளை அடுக்கோடு தூக்கி உயரத்தில் வைக்கிற வண்டி. அதை வாங்கியதே அவன் பார்த்துத்தான். முதலாளி ரத்தினம் படப்பை பக்கம் பழைய வண்டிகள் விற்கிற இடத்துக்கு அவனைக் கூட்டிப் போனார். புது பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நின்ற வண்டிகளை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சங்கிலியைத் தடவிப் பார்த்தான். எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று தரையைப் பார்த்தான். ஒரு சுமையைத் தூக்கி அந்தரத்தில் நிறுத்திவிட்டு, நிதானமாக டீ குடித்துவிட்டு வந்து, சுமை கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்த்தான். கடைசியில் பெயிண்ட் உரிந்த ஒரு கிழட்டு வண்டியைக் காட்டி, "இத்த எடுங்க சார். சீட்டு சுவிட்ச்ல எவனும் கை வைக்கல" என்றான்.

சீட்டு சுவிட்ச் என்பது உட்காருகிற இடத்துக்கு அடியில் இருக்கும். ஆள் உட்கார்ந்தால் பாரத்தில் அமுங்கும். எழுந்துவிட்டால் எஞ்சின் தானாக அணைந்துவிடும். டிரைவர் இறங்கின பிறகு வண்டி நகர்ந்து யாரையும் நசுக்கிவிடக் கூடாதே, அதற்காக. ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டி அணைகிறது, பேஜார் என்று நிறைய இடத்தில் சுவிட்ச் வேலை செய்யாதபடி ஒயரைத் திருகி ஒட்டிவிடுவார்கள். அன்பு யாரையும் தொடவிட மாட்டான்.

அதே குடோனில் பேக்கிங்கில் இருந்தவள் ஜாஸ்மின். பழக்கம் காதலாகி, கல்யாணமும் ஆனது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அன்பு அவளைக் குடோனுக்குக் கூட்டிப்போய் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பான். அவள் ஏறி உட்காருவாள்... எஞ்சின் அணைந்துவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்வாள். மறுபடி அணையும். அப்படி ஒரு ஒல்லி. "ஆள் கீதுன்னே அதுக்குத் தெர்ல" என்று சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறிவிடும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி மறுபடி சிரிப்பான். செல்வமேரியும் சிரிப்பாள். நல்ல நாட்கள்.

போன வருடம் மழைக்காலத்தில் அன்பு போய்விட்டான். மேல் ரேக்கில் ஒரு அடுக்கு சாய்ந்து நின்றது. வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். மரப்பலகையை அந்த இரும்புக் கைகளின் மேல் வைத்து, அதில் அன்பு ஏறி நின்று, இன்னொருவனை வண்டியில் உட்காரவைத்துத் தன்னை மேலே தூக்கச் சொன்னான். யாரையும் அப்படி ஏறவிடாதவன்... அவனே ஏறினான். பலகை உடைந்தது. அவ்வளவுதான். உலகத்தில் எத்தனையோ பேர் தினமும் செய்கிற தப்பு, அவன் ஒரே ஒரு தடவை செய்தான்.

ரத்தினம் பூசணிக்காய் உடைத்தார், எலுமிச்சம்பழம் நசுக்கினார், பாதிரியாரையும் கூட்டிவந்து ஜெபம் பண்ணச் சொன்னார். ஒரு சாமியையும் விடவில்லை. ஜாஸ்மின் முறையாகப் பயிற்சிக்குப் போய் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுச் சான்றிதழும் வாங்கி வந்தாள். அன்பு ஓட்டிய வண்டியை வேறு யார் ஓட்டுவது என்று பிடிவாதம். ஆனால் அந்தக் கிழட்டு வண்டி அவளை ஏற்கவில்லை. உட்கார்ந்தால் அணைந்தது. மெக்கானிக் கரீம் பாய்க்கே பாவமாகப் போய்விட்டது.

"ஒயர ஒட்டிவுட்டுறட்டாம்மா? ரெண்டு நிமிஷ வேலை."

"வேணாம் பாய். அவருக்குப் புடிக்காது" என்றாள் ஜாஸ்மின்.

சரி என்று இரவு ஷிஃப்டில் பெட்டி எண்ணுகிற வேலையைப் பார்த்தாள். ஒரு நாள் ராத்திரி டிரைவர் வரவில்லை. லோடு வந்து நிற்கிறது. ஜாஸ்மின் சும்மா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். எஞ்சின் பிடித்தது. அணையப் போகிறது என்று காத்திருந்தாள்.

அணையவில்லை.

சீட்டு மட்டும்... ஸ்ஸ்ஸ்... என்று காற்று இறங்குகிற மாதிரி அவளுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் அமுங்கியது. கூடவே ஒரு வாசனை. முதுகுவலித் தைலமும் டீசலும் கலந்த வாசனை. நாள் முழுக்க வண்டியில் குலுங்குகிறவர்களுக்கு முதுகுவலி விடாது. அன்பு தினமும் சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி நிற்பான், அவள்தான் தேய்த்துவிடுவாள்.

விடிகாலையில் வந்து செல்வமேரியை எழுப்பிச் சொன்னாள். அழவில்லை. முகம் அப்படிப் பூத்துக் கிடந்தது. "அத்தை, அவரு வந்துகினு கீறாரு. நான் கீற எடைக்கு அது ஓடாது அத்தை. அவருதான் பக்கத்துல ஒக்காருறாரு."

செல்வமேரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த நொடி என்ன தோன்றியது தெரியுமா? பயம் இல்லை. பொறாமை. பத்து மாதம் சுமந்தவள் இங்கே ராத்திரி எல்லாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்... என்னிடம் வரவில்லையே! அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. "காபி போடட்டா" என்றாள்.

பிறகு தினமும் ராத்திரி ஜாஸ்மின்தான் வண்டி ஓட்டினாள். பகலில் கரீம் பாய் உட்காரவைத்துப் பார்த்தால் அணையும். ராத்திரி ஓடும். கிறிஸ்துமஸ் வந்தது. மருமகள் தேறிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் செல்வமேரி கல்கல், பிரியாணி, கேக் என்று ஆக்கிப் போட்டாள். ஜாஸ்மினும் நன்றாகச் சாப்பிட்டாள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது. புது வருடம் பிறந்த பிறகு ஒரு நாள் பகலில் கரீம் பாய் வண்டியை சர்வீஸ் பண்ணிவிட்டு, "ஏறும்மா பாப்போம்" என்றார். ஏறினாள். எஞ்சின் அணையவில்லை. சுற்றிலும் ஆட்கள், நல்ல வெயில், தைல வாசனையும் இல்லை... ஓடுகிறது. கரீம் பாய் கை தட்டினார்.

ஜாஸ்மினுக்கு முகம் செத்துவிட்டது. இனிமேல் ராத்திரி வண்டி ஓடினால்... அது அவரா, நானா? எப்படித் தெரியும்?

அன்றைக்குச் சோற்றை நிறுத்தியவள்தான்.

முதலில் செல்வமேரிக்குத் தெரியவில்லை. டப்பா காலியாகத்தான் திரும்பி வந்தது. குடோன் வாட்ச்மேன்தான் ஒரு நாள் சொன்னார், அந்தச் சோறெல்லாம் கேட்டுக்கு வெளியே நாய்க்குப் போகிறது என்று. ஒரு மாதத்தில் தோள் எலும்பு துருத்திக்கொண்டது. மோதிரம் கழன்று கழன்று விழுந்தது. நூல் சுற்றிப் போட்டுக்கொண்டாள். கெஞ்சினாள் செல்வமேரி. அடிக்கக்கூட அடித்தாள். "ஒடம்பு வந்துச்சுன்னா அவரு வர்றது எனக்குத் தெரியாம பூடும் அத்தை" என்பதுதான் பதில். திரும்பத் திரும்ப அதே பதில்.

இப்போது அந்த ரோட்டுக்கு வாருங்கள். இரவு பத்தே முக்கால். டிபன் கேரியரோடு போகிறவள் செல்வமேரி.

குடோனுக்குள் ஒரு பல்பு. டைல்ஸ் தூசியின் மண் வாசனை. உள்ளே எஞ்சின் சத்தம்... டக டக டக டக. ரேக்குகளுக்கு நடுவே வண்டி நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது. ஜாஸ்மின் மேலே உட்கார்ந்திருந்தாள். ஆனால் சீட்டின் நடுவில் இல்லை. பஸ்ஸில் புருஷனுக்கு இடம் விட்டு உட்காருகிற பெண்சாதி மாதிரி... ஓரமாக, ஒடுங்கி. மீதி இடம் காலி. அந்தக் காலி இடம்தான் அமுங்கியிருந்தது.

தைல வாசனை வந்தது. செல்வமேரியின் கை டிபன் கேரியரை அப்படியே தரையில் வைத்தது.

அவளுக்கு என்னென்னவோ கேட்க வேண்டியிருந்தது. வலித்ததாடா? கடைசியில் யாரைக் கூப்பிட்டாய்? அங்கே முதுகுக்கு யார் தேய்த்துவிடுகிறார்கள்? அந்த அமுங்கின இடத்தை ஒரு தரம் கையால் தொட்டால் போதும் என்றிருந்தது. அப்போதுதான் ஜாஸ்மின் திரும்பினாள். பல்பு வெளிச்சத்தில் மண்டையோட்டுக்குத் தோல் போர்த்திய மாதிரி ஒரு முகம்... சிரித்தது.

அவன் செத்துப்போன பிள்ளை. இது உயிரோடு இருக்கிற பிள்ளை.

"எறங்குடா அன்பு" என்றாள் செல்வமேரி.

"அத்தை... வேணாம் அத்தை..."

"எறங்கு. அவ சோறு துன்ன மாட்றா, நீ பாத்துகினுதானே கீறே? இவளையும் கூட்டினு போவலாம்னு வந்தியா? அம்மா சொல்றேன்... எறங்கிடு."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. டக டக டக டக. வெளியே ரோட்டில் ஒரு லாரி போய்த் தேய்ந்து அடங்கியது.

"உன்ன கெஞ்சிக் கேக்குறேன்டா" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

எஞ்சின் அணைந்தது.

ஸ்ஸ்ஸ்... என்று அந்தக் காலி இடம் மெதுவாக, மெதுவாக மேலே எழும்பிச் சமமாகியது. தைல வாசனை அந்த நொடியே போய்விட்டது. யாரோ இறங்கிய காலடிச் சத்தம் கேட்குமென்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

ஜாஸ்மின் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தாள். பிடித்தது, அணைந்தது. பிடித்தது, அணைந்தது. பிறகு இறங்கி வந்து மாமியாரை மார்பிலும் தோளிலும் அடித்தாள். அடியில் பலமே இல்லை. செல்வமேரி நின்று வாங்கிக்கொண்டாள். அடித்து ஓய்ந்ததும் தரையில் உட்காரவைத்து, ரசம் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். அழுதுகொண்டே தின்றது அந்தப் பெண். ஒரு பருக்கை மிச்சம் இல்லை.

அப்புறம் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. ஜாஸ்மினுக்குச் சதை பிடித்தது. பகலிலும் ராத்திரியிலும் வண்டி அவளுக்கு ஓடுகிறது. திருப்பத்தில் ஹாரன் அடிக்காமல் போகமாட்டாள், பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுக்கமாட்டாள். ரத்தினம் மற்ற டிரைவர்களுக்கு அவளைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார்.

செல்வமேரிக்குத்தான் மனசு ஆறவில்லை. பெற்ற பிள்ளையிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை 'எறங்கு' என்பதா? ஒரு நாள் சாயங்காலம் குடோனுக்குப் போனாள். "நான் ஒருவாட்டி அதுல ஒக்காந்து பாக்கட்டாம்மா? அவன் ஒக்காந்த எடம்" என்று ஜாஸ்மினிடம் கேட்டாள். ஜாஸ்மின் கைகொடுத்து ஏற்றிவிட்டாள். செல்வமேரி ஆள் நல்ல கனம்; ஷேர் ஆட்டோவில் இரண்டு பேர் இடம் வேண்டும். நிறைக்க உட்கார்ந்தாள். ஜாஸ்மின் எட்டிச் சாவியைத் திருகினாள். எஞ்சின் பிடித்தது.

அணைந்தது.

மறுபடி திருகினாள். அணைந்தது. கரீம் பாயைக் கூப்பிட்டார்கள். சீட்டைக் கழற்றிப் பார்த்தார். "சுவிட்ச் நல்லாத்தான் கீது" என்றார். அவர் உட்கார்ந்தார், ஓடியது. ஜாஸ்மின் உட்கார்ந்தாள், ஓடியது. செல்வமேரி மறுபடி ஏறி, கம்பியை இறுக்கிப் பிடித்து, உடம்பின் மொத்தப் பாரத்தையும் சீட்டில் இறக்கி உட்கார்ந்தாள்.

"அன்பு... அம்மாடா" என்றாள்.

எஞ்சின் அணைந்தது. வண்டியைப் பொறுத்தவரை அந்தச் சீட்டில் யாருமே இல்லை.