காத்து என் பக்கம் வரணும்

இல்லண்ணே, அந்தச் செவுத்துல வேணாம். ஏசியைக் கட்டிலுக்கு நேரா மாட்டுங்க. ஜன்னல் பக்கம் படுக்கிறது அவரு, இந்தப் பக்கம் நான். காத்து என் பக்கம் வரணும். ஆமாண்ணே, நல்லா யோசிச்சுதான் சொல்றேன்.

ஏன் சிரிக்கிறீங்க? அய்யய்யோ, போன வருஷம் வந்தது நீங்கதானா! அவரு செவுத்தை அளக்கச் சொல்ல, நான் வாசல்ல நின்னு, ஏசி உள்ள வந்தா நான் எங்கம்மா வீட்டுக்குக் கெளம்பிடுவேன்னு கத்தினேனே. டீ கூட குடுக்காம தொரத்தி விட்டேன். இன்னிக்கு ரெண்டு டீ தரேன், கணக்கு சரியாப் போச்சு.

என்னண்ணே பண்றது? கல்யாணமாகிப் பதினோரு வருஷம், எங்களுக்குள்ள சண்டைன்னா இது ஒண்ணுதான். ஒரே ரூமு, ஒரே காத்து. அவருக்கு வேர்த்துக் கொட்டும், எனக்குப் பல்லு தந்தியடிக்கும். அவரு பேக்கரியில நாள் பூரா அடுப்பு முன்னாடி நிக்கிறவரு. ஆளும் தொண்ணூறு கிலோ. வந்ததும் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு வெறுந்தரையில உருளுவாரு. நான் நாப்பத்தஞ்சு கிலோ, சாக்ஸு போட்டுட்டுப் படுக்கிறவ. ஆபீஸ்ல எனக்குப் பேரே போர்வைதான். ஏசி காத்து வர்ற எடத்துல அட்டை ஒட்டி மேனேஜர்கிட்ட திட்டு வாங்கினவண்ணே நானு!

அந்த ஃபேன் ரெகுலேட்டரைப் பாருங்க, நம்பரெல்லாம் அழிஞ்சே போச்சு. அவரு அஞ்சுல வைப்பாரு, நான் ஒண்ணுக்குத் திருப்புவேன். நாத்தனார் வந்து பஞ்சாயத்து பண்ணி, மூணுல வைங்கன்னா. அன்னிக்கு ரெண்டு பேருமே தூங்கல. வீட்ல நாங்க ரெண்டே பேருண்ணே, வேற யாரோட சண்டை போடுறது, சொல்லுங்க.

போன வாரம் நடந்த கூத்தைக் கேளுங்க. துணி மடிச்சுட்டு உக்காந்திருக்கேன், உடம்பெல்லாம் திகுதிகுன்னு எரியுது. நானே எந்திரிச்சுப் போய் ஃபேனை அஞ்சுல வெச்சேன். நானு! அவரு பதறிப்போய் நெத்தியில கை வெச்சுப் பாக்குறாரு. அதுலருந்து தினமும் இதே கதை. நேத்து அவரு உருளுற தரையை நான் பிடிச்சுக்கிட்டேன், மனுஷன் திருதிருன்னு முழிக்கிறாரு. டாக்டரைப் பாருன்னு ஒரே நச்சரிப்பு. எனக்கும் பயம்தான், ஏதாச்சும் பெரிய வியாதியோன்னு. சொல்லாம இருந்தேன், அவ்வளவுதான்.

இன்னிக்குக் காலையில போனேன். ரத்தம் எடுத்தாங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னு உங்க கடைக்கு போன் போட்டேன்.

ஐயோ, அவருக்கு போன் பண்ணாதீங்கண்ணே! அவருக்கு எதுவும் தெரியாது. ஆறு மணிக்கு வருவாரு, அதுக்குள்ள ரூமு சில்லுனு ஆயிடணும். கதவைத் தொறந்ததும், யாருக்குடி இந்த ஏசின்னு கேக்கணும். அதை அவரு வாயால கேக்கணும்னுதான் இவ்வளவு அவசரம். அப்ப எனக்கு அழுகை வருமா சிரிப்பு வருமான்னு தெரியல.

எத்தனையில வைக்கவா? நீங்களே சொல்லுங்க. இருபத்திநாலா? அதுல எனக்கு ஆகாதுண்ணே, இன்னும் கொறைங்க. இந்த நேரத்துல உடம்பு கொஞ்சம் சூடாத்தான் இருக்குமாம், டாக்டரம்மா சொன்னாங்க. இது அப்படியே அவங்கப்பா போல, ரெண்டு மாசந்தான் ஆகுது, அதுக்குள்ள புழுக்கம் தாங்கல.