அருட்பிரகாசத்தின் நினைவு மலருக்கு ஒரு முன்னுரை

எட்டு மணி வகுப்புக்கு நான் ஒருநாளும் பிந்திப் போனதில்லை. முப்பத்தொரு வருடம் மெய்யியல் கற்பித்தேன். கோட்டையிலிருந்து இராணுவம் ஷெல் அடித்த நாட்களிலும் ஏழு ஐம்பதுக்குச் சைக்கிளைப் பூட்டிவிட்டு, கரும்பலகையை நானே துடைத்து, திகதியை எழுதி வைத்துக்கொண்டு நிற்பேன். ஒழுக்கவியல் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு முதல் பாடம் அதுதான் என்பது என் எண்ணம்.

அன்பின் யோசப்பின், போன கிழமை நீங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் அண்ணையின் நினைவு மலருக்கு முன்னுரை கேட்டீர்கள். "அவரை உருவாக்கினது நீங்கள்தானே சேர். நீங்கள் எழுதாமல் வேறை ஆர் எழுதுறது?" என்றீர்கள். அது சரியான பேச்சு. ஆகவே எழுதுகிறேன். ஆனால் முன்னுரையில் பொய் எழுதுவது எனக்குப் பிடிக்காது. வாசித்தபின் அச்சடிப்பதா விடுவதா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள்.

எங்கள் கல்லூரி சிறியது. மிஷன் பள்ளிக்கூடங்களிலிருந்து வந்த பிள்ளைகள்தான் அங்கே அதிகம். நானும் கரவெட்டியில் ஒரு மிஷன் பள்ளித் தலைமையாசிரியரின் மகன். குருநகர்க் கடற்கரையிலிருந்து மெய்யியல் படிக்க வந்த முதல் ஆள் அருட்பிரகாசம். மழை நாட்களில் சாக்கைத் தலையில் கொழுவிக்கொண்டு நடந்து வருவான். கட்டுரைகளில் வீட்டுப் பேச்சு கலந்திருக்கும், நான் வெட்டித் திருத்துவேன். கோபிக்க மாட்டான். அடுத்த கட்டுரையில் அந்தப் பிழை இராது. முதல் வகுப்பில் சித்தியடைந்ததும் நான்தான் நிர்வாகத்தோடு வாதாடி அவனை விரிவுரையாளராக்கினேன்.

அது எண்பத்துமூன்றாம் ஆண்டு. ஆடி மாதத்துக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து உடுத்த துணியோடு வந்த இளம் விரிவுரையாளர்கள் சிலரும் எங்களிடம் சேர்ந்தார்கள். அறிவு இருந்தது, வகுப்பில் நிற்கத் தெரியவில்லை. அவர்களுக்காகச் சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கினேன். குரலை எப்படி வைத்துக்கொள்வது, கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுப்பது, பெயரை மறைத்து விடைத்தாள் திருத்துவது ஏன் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். பதினான்கு பேர் வந்தார்கள். முன்வாங்கில் அருட்பிரகாசம்.

எண்பத்தாறில் உங்கள் தகப்பனாரின் வள்ளத்தைக் கடற்படை சுட்டது. யாகோப்பரின் உடலில் பதினொரு காயம் இருந்ததாக அருட்பிரகாசம்தான் எனக்குச் சொன்னான். புதைத்து மூன்றாம் நாள் வகுப்புக்கு வந்தான். அன்று முதல் ஒரு கொப்பி எழுதத் தொடங்கினான். வீடு வீடாகப் போய், கொண்டுபோகப்பட்டது யார், கொண்டுபோனது யார், உடல் கிடைத்தபோது அதில் என்ன உடுப்பு இருந்தது என்று கேட்டு எழுதினான். முதலில் கடற்படையும் இராணுவமும் செய்தவை. பிறகு இயக்கத்துப் பொடியள் செய்தவை. இரண்டையும் ஒரே மையால், ஒரே கொப்பியில்.

தமிழ் திருத்தித் தரும்படி அதை என்னிடம் கொண்டுவந்தான். சிவப்பு மையால் திருத்தினேன். தொண்டைமானாற்றில் ஒரு தாய். மூத்த மகனை இராணுவம் சுட்டுக் கடற்கரையில் போட்டது. இளையவனை இயக்கம் சுட்டு மின்கம்பத்தில் கட்டியது. எந்தப் பக்கம் பார்த்து மண் தூற்றுவது என்று அந்த மனுசி கேட்டதாக எழுதியிருந்தான். ஓரத்தில் 'உணர்ச்சி மிகுதி' என்று குறித்தேன்.

அந்த வருடக் கார்த்திகையில் நடந்ததுதான் முக்கியம். நான் கடமை என்ற கருத்தைப் பற்றி விரிவுரை செய்துகொண்டிருந்தேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள். துவக்கோடு இயக்கத்துப் பொடியள் மூன்று பேர் உள்ளே வந்து, இரண்டாம் வாங்கிலிருந்த நாகலிங்கத்தை மயிரில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். வேறோர் இயக்கத்துக்குச் சோறு கொடுத்த வீட்டுப் பிள்ளை அவன். முற்றத்து வேம்பின் கீழ் போட்டு, சீமெந்து நிரப்பிய குழாயால் அடித்தார்கள். யன்னல்கள் திறந்திருந்தன. எலும்பு முறிகிற சத்தம் நாங்கள் நினைப்பது போல் பெரிதல்ல. அவன் கத்திய சத்தம்தான் பெரிது. நான் குரலைச் சற்று உயர்த்தி விரிவுரையைத் தொடர்ந்தேன்.

பக்கத்து வகுப்பிலிருந்து அருட்பிரகாசம் ஓடிப்போய் நாகலிங்கத்தின் மேலே குப்புற விழுந்தான். துவக்குப் பிடியால் அவனுக்கு அடித்தார்கள். முன்பற்கள் இரண்டு போயின. ஒரு காது அதன்பிறகு கேட்கவில்லை. அவன் எழும்பவேயில்லை. கடைசியில் அவர்களுக்குக் கை களைத்தது, போய்விட்டார்கள். நாகலிங்கத்தின் இரண்டு காலும் முறிந்திருந்தன. அவனைத் தூக்கிக்கொண்டு அருட்பிரகாசம் வாசற் படலையைத் தாண்டிப் போனதை நான் யன்னலால் பார்த்தேன். பிறகு மணி அடித்தது.

அடுத்த தவணையில் என் ஒழுக்கவியல் வகுப்புக்கு ஒன்பது பேர் வந்தார்கள். மிச்சப் பேர் அருட்பிரகாசத்தின் வகுப்பில், இடமில்லாமல் யன்னல் ஓரத்தில் நின்றார்கள். பல் இல்லாததால் அவனுடைய சொற்கள் காற்றாகப் போயின. ஆனாலும் கேட்டார்கள். ஆசிரியன் தன் வாயை உதாரணமாகக் காட்டிக் கற்பிக்கக்கூடாது என்று அவனுக்குப் புத்தி சொன்னேன். "ஓம் சேர்" என்றான். அவன் காட்டவில்லை என்பது எனக்கும் தெரியும்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, ஆசிரியரின் பொறுப்பு என்ற தலைப்பில் பேசி முடித்து, கேள்விகள் உண்டா என்று கேட்டேன். பதினான்கு பேரும் இருந்தார்கள். அவன் எழும்பினான்.

"சேர், அண்டைக்கு நீங்கள் ஏன் வெளியிலை வரேல்லை?"

நியாயமான கேள்வி. நான் நியாயமாகவே பதில் சொன்னேன். நான் வெளியேறினால் நாற்பத்தொரு பிள்ளைகளும் வெளியேறுவார்கள், துவக்கோடு வந்தவர்கள் சுடுவார்கள், ஒருவனுடைய காலுக்குப் பத்து உயிர் போகும். கரும்பலகையில் எழுதியும் காட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"நான் கணக்குக் கேக்கேல்லை சேர். பயமாயிருந்ததெண்டால் பயமெண்டு சொல்லுங்கோ. அதிலை வெக்கம் இல்லை. எனக்கும் காலெல்லாம் நடுங்கினதுதான்."

அன்பாகத்தான் சொன்னான். சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பரிவோடு பார்த்தார்கள். என்னிடம் படித்தவர்கள் என்னைப் பரிவோடு பார்ப்பது சனிக்கிழமை வகுப்பின் நோக்கத்துக்கு நல்லதல்ல.

செவ்வாய்க்கிழமை செல்வரட்ணத்தைப் பார்க்கப் போனேன். அவன் அப்போது இயக்கத்தின் பகுதிப் பொறுப்பாளன். அதற்கு முன் என்னிடமும் அருட்பிரகாசத்திடமும் ஒரு வருடம் படித்தவன். லண்டனுக்குப் போன யாரோ ஒருவருடைய வீட்டில் இருந்தான். என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரை இழுத்துப் போட்டான். தேத்தண்ணி தந்தான். கொப்பியைப் பற்றிச் சொன்னேன்.

இயக்கம் கொப்பிக்காக அருட்பிரகாசத்தைத் தேடிப் பிடித்தது என்று ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். நீங்களும் அப்படித்தான் மலரில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பந்தியைத் திருத்த வேண்டும். செல்வரட்ணம் சொன்னது இதுதான்.

"கொப்பி தெரியும் சேர். வாசிச்சனாங்கள். எழுதட்டும் விடுங்கோ. அவரிலை கை வைச்சால் குருநகர்ச் சனம் எங்களை விடாது. மற்றது, அவர் நல்ல மனிசன் சேர்."

நான் எழும்பி வந்திருக்கலாம். ஆனால் ஒரு மாணவன் தவறான முடிவோடு இருக்கும்போது விட்டுவிட்டுப் போக எனக்குப் பழக்கமில்லை. போராட்டம் நியாயமானதா என்று கேட்டேன். ஓம் என்றான். நியாயமான ஒன்று தன்னைக் காப்பது நியாயமா என்று கேட்டேன். ஓம் என்றான். பகைவனின் குற்றத்தையும் எங்களுடைய பிழையையும் ஒரே கொப்பியில் எழுதுகிறவன், இரண்டும் ஒன்று என்று சனத்துக்குக் கற்பிக்கிறானா இல்லையா என்று கேட்டேன். அவன் நாலு தரம் மறுத்தான். நல்ல மறுப்புகள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். ஐந்தாம் தரம் மறுக்கவில்லை. ஒன்றரை மணித்தியாலம் சென்றிருந்தது.

"இப்ப விளங்குது சேர்" என்றான்.

ஓர் ஆசிரியனுக்கு அதைவிடப் பெரிய வார்த்தை இல்லை. என் வாழ்நாளில் அதைவிடத் திருத்தமாக நான் கற்பித்ததில்லை, அதைக் கேட்டது ஒரே ஒருவன் என்பதுதான் குறை. நான் எழும்பியபோது செல்வரட்ணம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "சரியெண்டு சொல்லுறீங்கள். அப்ப நீங்களும் வாறியளோ?" என்றான். அதுவும் நியாயமான கேள்வி. வாறன் என்றேன்.

செத்தவீட்டன்று உங்கள் தாயார் செபஸ்தியம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். "என்ரை பிள்ளைக்குத் தேப்பன் மாதிரி இருந்தீங்களே ஐயா" என்றார். சேமக்காலையில் குழியருகே நின்று நான்தான் பேசினேன். அந்தப் பேச்சை நீங்கள் மலரில் முதலாவதாகச் சேர்த்திருக்கிறீர்கள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, அப்படியே இருக்கலாம். அண்ணையின் முகத்தை ஏன் சீலையால் மூடியிருக்கிறார்கள் என்று அன்று நீங்கள் என்னிடம் கேட்டீர்கள், பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

சனிக்கிழமை வகுப்பு அதன்பிறகும் நின்றுவிடவில்லை. இந்திய இராணுவம் வந்து ஊரடங்கு போட்ட மாதங்களில் என் வீட்டு விறாந்தையில் நடத்தினேன். குண்டுவீச்சில் கல்லூரியின் மேற்குப் பக்கம் இடிந்தபிறகு ஒரு களஞ்சிய அறையில் நடத்தினேன். இன்றுவரை ஐம்பத்துமூன்று பேரைப் பயிற்றி அனுப்பியிருக்கிறேன். செல்வரட்ணம்தான் செத்தவீட்டுக்கு மூன்றாம் மாதம் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான். அவனுக்கு வாதம் விளங்கியது, மனம் பழகவில்லை. அதில் என் பங்கும் உண்டு என்று ஒத்துக்கொள்கிறேன்.

நான் செல்வரட்ணத்தைப் பார்த்துவந்த அடுத்த மாதம், பங்குனி, ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணி. நாகலிங்கம் கால் மடக்க முடியாமல் வீட்டில் கிடந்தான். அருட்பிரகாசம் கிழமைக்கு இரண்டு நாள் போய் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வந்தான். திரும்புகிற வழியில் செல்வரட்ணம் அவனை வான் வண்டியில் ஏற்றினான். கல்லுண்டாய் வெளியில் நான் காத்து நின்றேன். வெயில் சாய்ந்திருந்தது, ஆள் நடமாட்டமில்லை, தரவை நிலத்தில் தேங்கிய தண்ணீரின் ஓரமெல்லாம் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. கை கட்டிய நிலையில் இறங்கிய அருட்பிரகாசம் என்னைக் கண்டதும் மூச்சுவிட்டான். முகம் தெளிந்தது.

"சேர், வந்திட்டீங்களோ. செல்வரட்ணத்துக்கு ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ சேர்."

"விளங்கப்படுத்திட்டன் அருட்பிரகாசம்" என்றேன்.

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. கெட்டிக்காரன், ஆனாலும் எடுத்தது. என்னை ஒருதரம் பார்த்தான், அதன்பிறகு பார்க்கவேயில்லை. செல்வரட்ணம் சுட்டான். சூடு தோளைப் பிய்த்துக்கொண்டு போனது. அருட்பிரகாசம் சேற்றில் மல்லாந்து விழுந்தான். இரத்தம் உப்புத் தண்ணீரில் வேகமாகப் பரவியது. செல்வரட்ணம் பிஸ்டலைப் போட்டுவிட்டு முழந்தாளிட்டான்.

"செல்வரட்ணம், இஞ்சை பார்" என்றான் அருட்பிரகாசம். "உன்னிலை எனக்குக் கோவமில்லை. உனக்கு இது ஏலாது, வீட்டை போ."

செல்வரட்ணம் அழுதான். அழுதுகொண்டே தலையாட்டினான். நான் ஒன்றரை மணித்தியாலம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொடுத்ததை, பல்லில்லாத வாயால் அவன் மூன்று வசனத்தில் இடித்துவிட்டான். "சேர், ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போவம்" என்று செல்வரட்ணம் எழும்பினான். கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பான், தோள் காயம்தானே. இதைப் பொறாமை என்று நீங்கள் நினைக்கக்கூடும். நான் அதை நன்றாக ஆராய்ந்து பார்த்தேன், பொறாமை இல்லை. ஒரு முடிவு சரியானால் அதைக் கற்பித்தவனுக்கே செய்து முடிக்கும் பொறுப்பும் உண்டு. குனிந்து பிஸ்டலை எடுத்தேன்.

அருட்பிரகாசம் அப்போதும் செல்வரட்ணத்தோடு கதைத்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்குச் சொல்லச் சொல்லி ஏதோ ஒன்று. ஒருவர் பேசும்போது குறுக்கிடுவது மரியாதையல்ல. வசனம் முடியும்வரை பொறுத்திருந்து, அவன் வாய்க்குள் சுட்டேன்.