குனிந்த தலைக்கு ரெண்டு மார்க்

இல்லம்மா, டம்ளரை நீயே எடுத்துக்கோ. என் கை சால்வைக்குள்ளயே இருக்கட்டும், விரலெல்லாம் குடையறது. பம்பாய் மாட்டுங்கால ஏது குளிருங்கறியா? வயசானா எங்கயும் குளிர்தான்.

எங்க விட்டேன்? ஆமா, அமெரிக்கா. பெரிய யுத்தம் முடிஞ்சதும், வெளிதேசத்துக்கு அனுப்பற அதிகாரிகளுக்கு அங்க கிளாஸ் எடுத்தா. பாஷை, தியரி எல்லாம் சொல்லிக் கொடுத்தா. அவாளோ, தியரி வேண்டாம், அந்த ஊர்ல எத்தனை தூரம் தள்ளி நிக்கறது, எத்தனை நாழி காத்திண்டிருக்கறது, அதைச் சொல்லுங்கோன்னா. அந்தச் சின்னக் கேள்வியிலேர்ந்துதான், ஊருக்கு ஊர் மாறற பழக்கத்தைப் படிக்கற இந்த இன்டர்கல்ச்சுரல் கம்யூனிகேஷன் சப்ஜெக்டே பொறந்தது. அப்பறம் யூனிவர்சிட்டிக்குப் போச்சு, கம்பெனிக்காரா கையில மாட்டிண்டது. வாஷியில கால் சென்டர் வந்தப்பறம்தான் எங்க காலேஜுக்கு ஞானம் பொறந்து டிப்ளமா ஆரம்பிச்சா. ரெண்டாயிரத்து மூணு. உன் புஸ்தகத்துல வருஷத்தைச் சரியாப் போடு ஜான்சி.

எனக்கா? புஸ்தகத்தை எனக்கா சமர்ப்பணம் பண்றே? அச்சுக்குப் போயிடுத்தா? போகலையே. நல்லவேளை.

முதல் பாட்ச்ல இருபது சீட். நீ அப்ளை பண்ணினது தெரியும். போன மாசம் பேப்பர்ல எழுதியிருந்தியே, ரெண்டு தரம் படிச்சேன். பெரியவா முன்னாடி நிமிரப்படாதுன்னு அம்மா சொல்லி அனுப்பினா, அதனால இன்டர்வியூ போர்டுல இருந்த மூணு பேர்ல ஒருத்தர் முகத்தையும் பார்க்கலை, மேஜைமேல பேனாவை உருட்டிண்டிருந்த ஒரு கோணல் சுண்டுவிரல்தான் ஞாபகம்னு. நன்னா எழுதறே. இப்ப சிரிக்கவும் சிரிக்கறே.

அந்த இன்டர்வியூவுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் என் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில வந்திருந்தது. ஜப்பான்ல பசங்க வாத்தியார் முன்னாடி தலை குனியறது பயமில்லை, மரியாதை. கண்ணைப் பார்க்கலைன்னு மார்க் குறைக்கறவன் படிச்சும் படிக்காதவன்னு எழுதியிருந்தேன். பிரின்சிபால் பொன்னாடையெல்லாம் போர்த்தினார்.

நீ ஒவ்வொரு கேள்விக்கும் எழுந்து நின்னே. வீடு எங்கன்னா, நைண்டி ஃபீட் ரோடு, தாராவின்னு தரையைப் பார்த்துச் சொன்னே. தலையில பச்சை ரிப்பன்.

என்ன? ரிப்பனைப் பத்தி நீ பேப்பர்ல எழுதவே இல்லையா? எழுதலைதான்.

போர்டுல என்னைத் தவிர மத்த ரெண்டு பேரும் மராட்டிக்காரா. மார்க் நன்னா இருக்கு, கொடுக்கலாம்னுதான் சொன்னா. அவா முன்னாடி ஒரு தமிழ்ப் பொண்ணு அப்படிக் கூனிண்டு நின்னது எனக்கு உடம்பெல்லாம் கூசித்து. நானும் உங்காத்து மனுஷா மாதிரிதாம்மா, பாலக்காட்டுலேர்ந்து இங்க பிழைக்க வந்து இறங்கினேன். ஜப்பான்காரி குனிஞ்சா கலாசாரம். தாராவிப் பொண்ணு குனிஞ்சா தன்னம்பிக்கை இல்லை. பத்துக்கு ரெண்டு மார்க். கீழே என் கையெழுத்து. உன் சீட் போச்சு.

அப்பறம் பதினஞ்சு வருஷம் கிளாஸ் எடுத்தேன். தலை குனியற பாடத்தை மட்டும் வேற யாரையாவது எடுக்கச் சொல்லிடுவேன்.

ரிகார்டரை அணைக்காதே. சமர்ப்பணப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு, இதை அந்த ரெண்டாயிரத்து மூணுக்குக் கீழ சேர்த்துக்கோ. அன்னிக்கு நீ ஒரு தரம் நிமிர்ந்திருந்தா, இன்னிக்கு என் வாசல்லயே என்னைத் தெரிஞ்சிண்டு திரும்பிப் போயிருப்பே.

சால்வையை எடுக்கறேன். இந்தச் சுண்டுவிரல்தான்.

என்னைப் பாருங்கோங்கறே. முடியலைம்மா. நான் இப்படியே குனிஞ்சிண்டிருக்கேன். இதை மரியாதைன்னு மட்டும் எழுதிடாதே.