தாலிக்கு உருகிய ராசா

மூட்டை தூக்கி முன்னுக்கு வந்தவன் நான். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிப் போன மறு வருஷம், என் மகளுக்குச் செய்யச் சொன்ன ஆறு வளையலையும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு புதுச்சேரியில் ஒரு ஆசாரி கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு மில் தொழிலாளியும் மனைவியும், மகள் தாலிக்குப் பொன்னுருக்க வந்திருந்தார்கள்.

"ஆசாரி, சாமிய நெருப்புல போடாதீங்க!" என்றாள் அந்த அம்மா.

அவள் சாமி என்றது ஒரு தங்கக்காசை. பிரெஞ்சு ராசா ஒருவரின் ஞாபகமாக, அவர் முகம் பதித்து அடித்தது. அவள் மாமனார் சைகோனிலிருந்து கொண்டுவந்தாராம்.

"அது வெள்ளக்கார ராசாடி. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம குங்குமம் வச்சு, அவன் மூக்கையே தேய்ச்சிட்ட" என்றார் புருஷன்.

"மாமா சொல்லலியே! பூசையில வையின்னாரு, வச்சேன். இவருகிட்ட வேண்டித்தான் இந்தப் பொண்ணே பொறந்தா."

"அவனுங்கதான் கப்பலேறிப் போயிட்டானுங்களே."

"அவங்க போனாங்க. இவரு நம்மகூட இருந்துட்டாரே."

"வேற பொன்னு இருக்கா தாயி?" என்று கேட்டார் ஆசாரி.

அவள் கையில் கண்ணாடி வளையல்தான் இருந்தது. என் ஆறு வளையலையும் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காசைக் கண்ணில் ஒற்றி, தானே பொன் உருக்கும் மூசையில் வைத்தாள்.

"பயப்படாத சாமி. நம்ம பொண்ணு கழுத்துக்குத்தான் போற."