கேட்டுத்தான் எடுத்தேன்

புத்தகங்களை ஈரம் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள், மேடம். என் அலமாரியிலிருந்து அவற்றை எடுத்து அட்டைப்பெட்டியில் போட்ட காவலர், ஒரு மேலட்டையைப் பார்த்துச் சிரித்ததை நான் கவனித்தேன். வெளிறிய முகத்தோடு கறுப்புக் கோட்டு போட்ட ஓர் இளைஞன், பின்னால் உயரமான கட்டடங்கள், அவன் தோளில் சாய்ந்தபடி ஒரு பெண். சிரிப்பு வரும்தான். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் நீங்கள் காரணம் கேட்டீர்கள். காரணம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எல்லாரும் நினைப்பதுபோல அந்தக் கதைகளில் கடிப்பது முக்கியமே இல்லை. அது எங்கோ கடைசியில் அரைப்பக்கம் வந்தால் அதிகம். ஒரு பெரிய நகரம் இருக்கும். லிஃப்ட் வேலை செய்யாத அடுக்குமாடி. வேலை முடிந்து கால்வலியோடு படியேறும் ஒரு பெண். முந்நூறு வயதாகியும் முப்பதைத் தாண்டாத முகத்தோடு ஒரு ரத்தக்காட்டேரி அவள் பின்னாலேயே வருவான். அவனால் சுவரில் ஏற முடியும், காரைத் தூக்கி எறிய முடியும். ஆனால் அவள் வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றுவிடுவான். அவள் தன் வாயால் 'உள்ளே வா' என்று சொல்லாமல் அவன் கால் நிலைப்படியைத் தாண்டாது. அது அவர்கள் குலத்துச் சட்டம். அவ்வளவு பலமுள்ளவன் தொண்டை வறண்டுபோய் நின்று, 'வரலாமா?' என்று கேட்பான். அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் நான் மொத்தப் புத்தகத்தையும் படிப்பேன். பழைய புத்தகக் கடைக்காரருக்கும் என் பித்து தெரியும். "அக்கா, வாசல்ல நிக்கிற கதை ஒண்ணு வந்திருக்கு" என்று எடுத்து வைத்திருப்பார்.

என் கணவர் எந்த வாசலிலும் நின்றவர் இல்லை.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஓட்டுகிறவர் யோசித்து முடிப்பதற்குள் இவர் மிதித்துவிடுவார். பிரேக்கை மிதிக்கும் அந்தக் காலை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். நான் பேச ஆரம்பித்த வாக்கியத்தை அவர் முடிப்பார். என் தட்டிலிருந்து எடுப்பார். குளியலறைக் கதவைத் தட்டாமல் திறப்பார். கேட்டால், "நம்ம வீட்டுல நான் எதுக்குத் தட்டணும்?" என்பார். நண்பர்கள் வந்தால் என் புத்தகத்தை எடுத்துக் கீச்சுக்குரலில் படித்துக் காட்டுவார்.

"கேளுங்கப்பா, 'உன் சம்மதம் இல்லாமல் உன் நிழலைக்கூடத் தொட மாட்டேன்'ங்கிறான். இவன் எந்தக் காலத்துல குடும்பம் நடத்துறது?"

எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். நானும் டீத் தட்டோடு நின்று சிரிப்பேன். உள்ளுக்குள் அவரை அறவே வெறுத்துக்கொண்டு சிரிப்பேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். கைராசிக்காரி என்று பெயர் வாங்கியிருக்கிறேன். அழுகிற குழந்தையைக்கூட என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். நரம்பைக் கண்டுபிடிப்பது பழகினால் வந்துவிடும். கேட்கத்தான் தெரிய வேண்டும். 'எடுக்கட்டுமா?' என்று கேட்காமல் நான் ஊசியைத் தொடுவதில்லை. ஊசியைப் பார்த்த பிறகு யாரும் வாயைத் திறந்து பதில் சொல்லமாட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு 'ம்' என்பார்கள். வேண்டாதவர்கள் 'ம்ஹூம்' என்பார்கள். இரண்டும் ஆரம்பிப்பது ஒரே மாதிரிதான். அதனால் 'ம்' காதில் விழுந்ததுமே குத்திவிடக் கூடாது. மீதி ஏதாவது வருகிறதா என்று ஒரு மூச்சுக் காத்திருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

அவருக்கு ஊசி என்றால் பயம் என்பது கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க ரத்தப் பரிசோதனை கேட்டார்கள். நிலையத்துக்கு வர அவருக்கு வெட்கம். "நீயே வீட்டுல எடுத்துடேன்" என்றார். சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து, கையில் ரப்பர் பட்டையைக் கட்டினேன். அவ்வளவு பெரிய ஆள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "வலிக்குமா?" என்றார்.

"எடுக்கட்டுமாங்க?" என்றேன்.

"ம்" என்றார்.

எங்கள் வீட்டில் நான் ஒன்று கேட்டு, அவர் யோசித்துப் பதில் சொல்லி, அதுவரை எதுவும் நடக்காமல் இருந்தது அன்றுதான். எடுத்து முடித்துப் பஞ்சை வைத்து அழுத்தினேன். அன்று மாலை அவர் சத்தமே போடவில்லை. பூனைபோல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

பரிசோதனை முடிவில் கோளாறு எதுவும் இல்லை. ரத்தம் கெட்டியாக இருக்கிறது, அவ்வப்போது கொஞ்சம் இறக்கிவிடச் சொல்கிறார் டாக்டர் என்று நான் அவரிடம் சொன்னேன். பொய்தான். மறுபேச்சு பேசாமல் நம்பினார். நான் சொன்னதை அவர் அப்படி நம்பியதும் அதுதான் முதல் தடவை.

சின்னக் குழாய் போய், ரத்தம் பிடிக்கும் பை வந்தது. ஒரு பைக்கும் அடுத்த பைக்கும் நடுவில் எவ்வளவு காலம் விட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததில்லை. விட்டும் பார்த்தேன். உடம்பு தேறியதும் பழைய மனிதர் திரும்பி வந்துவிட்டார், குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு. அதற்குப் பிறகு விடவில்லை. உங்கள் காவலர், 'குடிச்சியா?' என்று கேட்டார். சீ. சமையலறை சிங்க்கில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். எனக்கு எதற்கு அவர் ரத்தம்?

எனக்கு வேண்டியது கிடைத்தது. அவர் முகம் வெளுத்தது. கை எப்போதும் குளிர்ந்திருந்தது. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று பகலிலும் திரையை இழுத்துவிடச் சொன்னார். வேலைக்குப் போவதை நிறுத்தினார். குரல் இறங்கிவிட்டது. ஒரு நாள் நான் படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். தலைசுற்றல் என்பீர்கள். இருக்கட்டுமே. நின்றார் அல்லவா? நின்று, "உள்ள வரட்டுமா?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, மேடம். "வாங்க" என்றேன். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று கேட்டால் அந்த மாதங்களைத்தான் சொல்வேன். நீதிபதி கேட்டாலும் அதையே சொல்வேன்.

அவருக்குப் புத்தகம் படித்துக் காட்டினேன். கிண்டல் இல்லாமல் கேட்டார். "அப்புறம்? அவ உள்ள விட்டாளா?" என்பார். ஒரு மத்தியானம், வழக்கமான பை எடுத்து முடித்த பிறகு, அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அவனுக்குத்தான் அவ்வளவு பசிக்குதே. அவ கழுத்தும் பக்கத்துலயே இருக்கு. ஏன் கடிக்க மாட்டேங்குறான்?"

"அவனால முடியும். இருந்தாலும் மாட்டான். அதுதாங்க காதல்."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"அப்போ நீ?" என்றார்.

"நான் கேட்டுத்தானே எடுக்குறேன்?" என்றேன்.

அவர் முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அவருக்கு அன்றே புரிந்துவிட்டது என்று நீங்கள் சொல்லலாம். புரிந்திருந்தால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அடுத்த தடவையும் கையை நீட்டினார்.

பிறகு வெளியூரிலிருந்து அவர் தங்கை வந்தாள். வாசலிலேயே பயணப் பையைப் போட்டாள். "என்னண்ணா இது? சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கீங்க" என்று கையைப் பிடித்துத் திருப்பினாள். முழங்கையின் உள்பக்கம் நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது. டாக்டர் ரத்தம் இறக்கச் சொன்னதாக அவர் சொன்னார். "எந்த மடையன் இந்த வைத்தியம் சொன்னான்? இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். அண்ணி, நீங்க துணிமணி எடுத்து வைங்க. நான் போய் வண்டி கூட்டிட்டு வரேன்" என்று படியிறங்கி ஓடினாள். பாவம், நல்ல பெண். என்மேல் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

நான் துணி எடுத்து வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். யாருடைய ரத்தத்தையோ ஏற்றுவார்கள். கன்னம் சிவக்கும், குரல் ஏறும், நண்பர்கள் வருவார்கள், என் புத்தகத்தை எடுப்பார்கள். வாசலில் நின்று கேட்ட அந்த மனிதரை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வார்கள். அவரை நான் விடுவதாக இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ரப்பர் பட்டையைக் கட்டினேன்.

எழுதிக்கொள்ளுங்கள். எல்லாப் பையும் நான் எடுத்ததுதான். அந்த உடம்பு இன்னொரு பையைத் தாங்காது என்று தெரிந்தே கடைசிப் பையையும் எடுத்தேன். வண்டி ஆஸ்பத்திரியை நெருங்குவதற்குள் அவர் போய்விட்டார். இதில் எதையும் நான் மறுக்கப் போவதில்லை, மன்னிப்பும் கேட்கப் போவதில்லை. ஆனால் அவர் தங்கை சொல்வதுபோல அவர் ரத்தத்தை நான் திருடவில்லை. ஒரு சொட்டுகூட அவரைக் கேட்காமல் எடுத்ததில்லை, அதையும் எழுதுங்கள். அன்றும் கேட்டேன். "எடுக்கட்டுமாங்க?" என்றேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். உதட்டைப் பிரிக்காமல் "ம்" என்றார். அப்புறம் இன்னும் ஏதோ சொல்வதற்கு மூச்சை இழுத்தார். தெருவில் ஏதோ ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது, நான் காத்திருக்கவில்லை.