பன்னிரண்டு தவணையில் ஒரு கல்யாணம்

இணையத்தில் எதை வாங்கினாலும் கடன் அட்டையில் வாங்குவதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறவள் நான். வங்கிக் கணக்கிலிருந்து பிக்ஸ் என்ற கைபேசிப் பரிமாற்றத்தில் அனுப்பினால் பணம் அந்த நொடியே போய்ச் சேர்ந்துவிடுகிறது. போனது போனதுதான். அட்டை அப்படியல்ல. அதில் மனம் மாறுவதற்கு இடம் இருக்கிறது.

வாக்குமூலத்தை வாயால் சொல்லச் சொன்னீர்கள், அதிகாரியம்மா. எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது 'இருக்கிறேன்' என்று சொல்ல முடியாமல் ஒரு வருடம் முழுக்க வராதவளாகவே இருந்தேன். பிறகு உண்மையாகவே போகாமல் இருந்துவிட்டேன். உங்கள் எழுத்தர் காகிதமும் பேனாவும் கொடுத்தது பெரிய உதவி. அவருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்.

என் பெயர் மரிலூசி. வயது இருபத்திரண்டு. பிறந்ததிலிருந்து கருவாரு நகரத்தில் ஒரே வீடு. எனக்குப் பதிலாகப் பேசுகிறவள் என் அக்கா ஜுசிலேனி. ரொட்டிக் கடையில், மருந்துக் கடையில், எல்லா இடத்திலும். எனக்கு எந்தப் பல் வலிக்கிறது என்பதைப் பல் மருத்துவரிடம் அவள்தான் சொல்வாள். பெரும்பாலும் சரியாகவே சொல்வாள்.

எங்கள் வீட்டில் பெயர் கெடாதவள் நான் ஒருத்திதான். அப்பாவின் பெயர் ஒரு மோட்டார் சைக்கிளால் கெட்டது. அம்மாவின் பெயர் சோபாவால், அக்காவின் பெயர் கைபேசியால். மூன்று பேரும் தவணை கட்டாதவர்கள் பட்டியலில் ஏறிவிட்டார்கள். எதை வாங்குவதானாலும் கடைக்காரரிடம் பேச வேண்டியிருப்பதால் நான் எதையும் வாங்கியதில்லை. ஆகவே அட்டை எனக்கு வந்தது. தபாலில் வந்த அன்று அம்மா அதை மாதா படத்தின் கீழே வைத்தாள். மறுநாள் முதல் தெருவே இரவல் கேட்க ஆரம்பித்தது. சித்தியின் மிக்ஸி, எதிர்வீட்டுக்காரரின் இரண்டு டயர்கள், யாரோ ஒருவருடைய நாயின் அறுவை சிகிச்சை எல்லாம் என் அட்டையில்தான் நடந்தன. நான் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை.

இந்த நிலையில் அக்காவுக்கும் கிளேபருக்கும் கல்யாணம் நிச்சயமானது. கிளேபர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவர், நல்ல பல்வரிசை. கல்யாணத்துக்கு மறுநாளே அக்காவைப் போர்த்தோ வெல்யோவுக்குக் கூட்டிப்போவதாக இருந்தார். அங்கே வெயில் அதிகம், வேலையும் அதிகம் என்றார். பேருந்தில் போனால் நாட்கணக்கில் ஆகும்.

எங்கள் சமையலறையில் உட்கார்ந்து செலவைப் பேசினோம்.

"பிக்ஸ்ல குடுத்தா மண்டபத்துக்காரர் பத்து சதவீதம் குறைக்கிறாராம், அத்தை. மொத்தமா தள்ளிவிட்டுருவோம்," என்றார் கிளேபர்.

"மொத்தமா தள்ள உங்கப்பா காப்பித் தோட்டமா வச்சிருக்காரு?" என்றாள் அக்கா. "சாக்ஸ் வாங்கினதுக்கே மூணு தவணை போட்ட ஆளு நீங்க."

"அது நல்ல சாக்ஸு, ஜுசி."

நான் ஒரு துண்டுக் காகிதத்தில் 'அட்டை. பன்னிரண்டு தவணை. அதுதான் பாதுகாப்பு' என்று எழுதி மேசை நடுவில் வைத்தேன். அப்பா அதைச் சத்தமாகப் படித்தார்.

"பாத்தீங்களா? இந்த வீட்ல வாயத் தொறக்காத ஒருத்திக்குத்தான் மூளை இருக்கு," என்றார்.

அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஏ லூ, இதுக்கு நான் உனக்கு என்னடி பண்ணப்போறேன்?" என்றாள். போகாமல் இருக்கலாம் என்று சொல்ல நினைத்தேன். வார்த்தை வரவில்லை.

மண்டபம், சாப்பாடு, மூன்றடுக்கு கேக், அக்கார்டியன் குழு எல்லாவற்றையும் இணையத்தில் நானே பதிவு செய்தேன். தொடர்பு எண் என்னுடையது. அட்டையின் வரம்பில் நாற்பது ரெயால் மிஞ்சியது. கிளேபருக்குத் தள்ளுபடி ஆசை விடவில்லை. கடைசியில் கொறிக்க இருக்கட்டும் என்று நூற்றைம்பது ஹாட் டாக்குக்கு மட்டும் தன் கணக்கிலிருந்து பிக்ஸில் பணம் அனுப்பினார். நான் தடுக்கவில்லை.

அட்டை நிறுவனத்தின் செயலியில் நாரா என்று ஒருத்தி பேசுவாள். மனுஷி இல்லை, இயந்திரம். நான் பழகியவர்களில் மிக மரியாதையானவள். கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பு அவளிடம் கேக்கைக் காட்டினேன். 'இந்தச் செலவு உங்களுடையதா?' என்று கேட்டாள். ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். இல்லை என்பதை அழுத்தினேன். சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பணத்தை நிறுத்திவைத்தாள். வாழ்க்கையில் நான் சொன்ன முதல் 'இல்லை' அது. இதமாக இருந்தது. ஆகவே மண்டபத்தையும் சாப்பாட்டையும் அக்கார்டியனையும் காட்டினேன். நாயின் அறுவை சிகிச்சையையும் காட்டினேன், கை போன போக்கில். அதற்காக வருந்துகிறேன்.

கடைக்காரர்கள் நாற்பத்தொரு முறை அழைத்தார்கள். நான் கைபேசியை எடுப்பதில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அது அடித்துக்கொண்டே இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

சனிக்கிழமை தேவாலயத்தில் எல்லாம் நன்றாக நடந்தது. பாதிரியார் காணிக்கையைக் கையில் வாங்குகிறவர். அங்கிருந்து எல்லோரும் மண்டபத்துக்கு நடந்தோம். வாசலில் பூட்டு. உரிமையாளர் அதெர்பால் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பணம் வரலம்மா. அட்டைக்குச் சொந்தக்காரியே இந்தச் செலவு என்னோடது இல்லன்னு எழுதிக் குடுத்துட்டா," என்றார்.

நூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அவ மேல ஏன் பாயுறீங்க? எவனோ திருட்டுப்பய அவ அட்டைல புகுந்துருக்கான். வாயில்லாப் பூச்சி, அவளுக்கு என்ன தெரியும்?"

பெரும்பாலும் சரியாகச் சொல்கிறவள் அன்று தவறாகச் சொன்னாள். நான் திருத்தவில்லை. இனி அவள் வீட்டுக்குத்தான் வருவாள் என்று காத்திருந்தேன்.

அப்போது ஹாட் டாக் வண்டி வந்தது. நூற்றைம்பதும் சூடாக இருந்தன. பணம் கேட்க வந்திருந்த அக்கார்டியன்காரர் நாலு தின்றுவிட்டு நடைபாதையிலேயே வாசிக்க ஆரம்பித்தார். கிளேபர் எல்லோரிடமும் "நான் பிக்ஸ்ல குடுத்தேன், பாத்தீங்களா, பிக்ஸ்ல!" என்று சொல்லிக்கொண்டே ஆடினார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை. மறுநாள் காலை பேருந்தில் ஏறிவிட்டார்கள். அந்தச் சீட்டுகளையும் அவர் பிக்ஸில்தான் வாங்கியிருக்கிறார். அதை நான் முன்பே விசாரித்திருக்க வேண்டும்.

"ஃபோன எடுடி, லூ. நான் பேசிக்கிறேன், நீ கேட்டா போதும்," என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதெர்பால் கொடுத்த புகார் சரிதான், அக்கா சொன்ன திருடன் யாரும் இல்லை. எல்லாப் பொத்தானையும் அழுத்தியவள் நான். எட்டு மாதத்துக்கு முன்பு சமையலறையில் அந்தக் காகிதத்தை வைத்தபோதே இதற்காகத்தான் வைத்தேன். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. விருந்து நின்றால் பணம் திரும்பி வரும், அக்காவும் திரும்பி வருவாள் என்று நினைத்தேன். இரண்டுமே நியாயமான எதிர்பார்ப்புகள்.

அவள் போன மறுநாள் நாராவுக்கு எழுதினேன். 'என் அனுமதியில்லாமல் ஒருவர் என் அக்காவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.' மன்னிப்புக் கேட்டாள். பிறகு, 'அட்டையிலா, வங்கிக் கணக்கிலிருந்தா?' என்று கேட்டாள். அட்டை என்று அழுத்தினேன். பதினைந்து வேலை நாளில் தீர்த்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். இன்றோடு பதினொன்று. ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள், அம்மா. எந்தத் தண்டனையானாலும் இந்த நாலு நாள் கழித்துக் கொடுங்கள். அக்கா வந்து கதவைத் தட்டும்போது திறக்க நான் வீட்டில் இருக்க வேண்டும்.