நல்ல பால்

தேத்தண்ணீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். பால் விடாமல் கொடுங்கள், எனக்கு வெறும் சாயமே போதும். கோப்பையை இன்னொரு தடவை கழுவியிருக்கலாம். விளிம்பில் யாருடைய வெற்றிலைக் கறையோ ஒட்டியிருக்கிறது. பரவாயில்லை, மறுபக்கத்தால் குடிக்கிறேன்.

பெயர் சண்முகரத்தினம். வயது ஐம்பத்தெட்டு. ரயில்வே ஆபீஸில் இருபத்தொன்பது வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஐந்து பலகை வீடுகளும், கோடியில் இருந்த மாட்டுக் கொட்டகையும் என்னுடையவை. தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் புகுந்தபோது என் வீட்டில் மட்டும் ஏன் ஒருவரும் படுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. எழுதிக்கொள்ளுங்கள். நான் பொய் சொல்லிப் பழகியவன் அல்ல.

கொட்டகையில் இருந்தவள் பவுனம்மாள் என்ற பால்காரி. புருஷன் இல்லை. ஆறு மாடும் இராஜம்மா என்றொரு மகளும். அவள் வாடகை காசாகத் தந்ததே கிடையாது. தினமும் காலையில் ஒரு செம்பு பால், அதுதான் வாடகை. புருஷன் காலத்திலிருந்து அப்படித்தான். என் மனைவி பூமணி செம்பைக் கழுவிப் பின்வாசலில் வைப்பாள். பவுனம்மாள் நிரப்பிவிட்டுப் போவாள்.

பாலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த இடம்தான். ஐயோ, அந்த நாற்றத்தை என்னவென்று சொல்வேன். கணுக்கால் புதையும் சாணம், வாய்க்காலில் தேங்கி நுரைத்துக் கிடக்கும் மூத்திரம், ஈ. சோற்றில் கை வைத்தால் ஈ, சாமி படத்துக்கு வைத்த பூவில் ஈ. குளித்துவிட்டு வேட்டியை உதறினால் அதிலும் அந்த வாடை. எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். சாணம் அள்ளிய கையாலேயே கொட்டகைக் கிணற்றில் வாளி விட்டு, அந்தத் தண்ணீரில் குடங்களை அலசி, கொஞ்சத்தைப் பாலிலும் ஊற்றுவாள். என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் செம்பில் மட்டும் ஊற்றமாட்டாள், அந்தப் பயம் இருந்தது.

மனுஷன் எத்தனை நாள் பொறுப்பான்? போன பிப்ரவரியில் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“கிராணி ஐயா, ஆறு மாட்டையும் வயசுப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்? மூணு மாசம் குடுங்க, செந்தூல் பக்கம் எடம் பாத்துட்டுப் போயிடுறேன்.”

“நோட்டீஸிலை ஒரு மாசம் எண்டுதானே போட்டிருக்கு,” என்றேன்.

அவள் போகவில்லை. வழக்குப் போட்டேன்.

கோர்ட்டு வாசல் மரத்தடியில் நாகையா என்று ஒருவன் மனு எழுதிப் பிழைக்கிறான். காதில் பென்சில், வாய் நிறைய எச்சில். அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பிறகு அவனே ஊரெல்லாம் பீற்றிக்கொண்டான். “சம்மனக் கண்டு பயந்து மாட்ட ஓட்டிக்கிட்டு ஓடிராத. சொன்ன தேதிக்கு நீ போயி நிக்கணும். நீ வரலேன்னா அவரு சொல்றதுதான் தீர்ப்பு. நோட்டீஸ் குடுத்த பொறவும் அவரு வாடக வாங்குனாரா? வாங்கியிருந்தா அந்த நோட்டீஸ் செத்துப்போச்சு லா. அத மட்டும் காட்டு.”

அவள் காட்டினாள். வாழையிலையால் மூடிய ஒரு செம்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். செம்பின் கழுத்தில் புள்ளி புள்ளியாய் வெட்டிய எழுத்தில் பூமணி என்றிருந்தது, எங்கள் கல்யாணச் செம்பு. நோட்டீஸ் கொடுத்தவன் நான். பின்வாசலில் செம்பு வைப்பதை நிறுத்தச் சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை. வழக்கு நாளன்று காலையிலும் பூமணி வைத்திருக்கிறாள்.

மாஜிஸ்திரேட் துரை கேட்டார், நோட்டீஸுக்குப் பிறகு எத்தனை நாள் பால் வாங்கினீர் என்று. நாற்பத்திரண்டு நாள் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். கோர்ட்டே சிரித்தது. வெற்றிலை வாயோடு அந்த நாகையாவும் சிரித்தான். வழக்குத் தள்ளுபடி. புதிதாக நோட்டீஸ் கொடும், பால் வாங்காதீர், ஒரு மாதம் கழித்து வாரும் என்றார் துரை.

கோபமா? இல்லை. அன்றே புது நோட்டீஸ் கொடுத்தேன். வீட்டுக்கு டின் பால் வாங்கிவந்தேன். அது சட்டம், நான் சட்டப்படி நடந்தேன். ஆனால் இன்னொரு மாதம் அந்த ஈயோடு என்னால் இருக்க முடியாது. கிணறு நாறினால் சுகாதார ஆபீஸர் வந்து இடத்தை மூடிவிடுவார் என்பது தெரியும். அது அவருடைய கடமை. அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது பலகை வீட்டில் வேலாயுதம், ரயிலுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன், இருபது நாளாகக் குடற்காய்ச்சலில் கிடந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம் அவனுக்கு. அவன் வீட்டுக் கக்கூஸ் வாளியைத்தான் எடுத்தேன். அது பக்கத்தில் இருந்தது, வேறு காரணம் இல்லை. என் வீட்டு வாளி இன்னும் பக்கம் என்கிறீர்கள். அதைத் தொட எனக்கு அருவருப்பு. பகல் பதினொரு மணிக்கு, பவுனம்மாள் மாடுகளைத் தண்டவாளத்தோரம் மேய்க்க ஓட்டிப்போன நேரத்தில், கைக்குட்டையை ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீரில் நனைத்து மூக்கைக் கட்டிக்கொண்டு, கிணற்றில் கவிழ்த்தேன். பிறகு மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தேன்.

நான் நினைத்த அளவுக்குக் கிணறு நாறவில்லை. அது ஆழமான கிணறு. யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவள் வழக்கம்போல் குடம் அலசினாள், வழக்கம்போல் ஊற்றினாள், தெருவெல்லாம் கொண்டுபோய் அளந்தாள்.

மூன்றாம் வாரம், தெருவில் காய்ச்சல் பரவிய பிறகு, ஆபீஸர்கள் வந்தார்கள். கிணற்றில் சுண்ணாம்பு கொட்டினார்கள், கொட்டகையைப் பிரித்தார்கள், மாடுகளை ஓட்டிப்போனார்கள். பவுனம்மாள் ஒரு பாயோடு தெருவில் நின்றாள். நோட்டீஸில் இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருந்தது. அதை அவள் கேட்கவில்லை. மகள் அப்போது அதே காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில். அடுத்த வாரம்தான் செத்தாள். ஆகவே அது என் இடத்தில் நடந்த சாவு அல்ல. மொத்தம் ஏழு பேர் என்று நீங்கள் சொல்கிறீர்கள். நான் எண்ணவில்லை.

ஏழில் ஒன்று பக்கத்து வீட்டுச் சிவசம்புவின் மகள் தங்கமணி. ஆறு வயது. என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். சிவசம்பு என் சொந்த ஊர்க்காரன். வாளியைக் கவிழ்த்த மறுநாள் வேலியோரம் வந்து நின்று கேட்டான்.

“அண்ணை, நீங்கள் டின் பாலுக்கு மாறிட்டியளாம். அவளின்ரை பாலிலை ஏதும் பழுதோ?”

உள்ளதைச் சொல்லியிருந்தால் தெரு முழுக்கப் பாலை நிறுத்தியிருக்கும். அவள் கிணற்றை இறைத்துக் கழுவியிருப்பாள். ஆபீஸர் எதற்கு வரப்போகிறார்?

“சீச்சீ, இது கோட்டு விசயம் தம்பி,” என்றேன். “பால் நல்ல பால். பிள்ளைக்குக் குடு.”

அதைப் பொய் என்று எழுதிவிடாதீர்கள். பால் நல்ல பால்தான். தண்ணீரைப் பற்றி அவன் என்னிடம் கேட்கவே இல்லை.